கப்பித்தானின் மூச்சு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கல்லூரிப் பெண்கள் சிலர் பகடை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கடலுக்கடியில் ஒரு பாழுங்கோட்டையை வாயாலேயே கட்டிக்கொண்டு போனாள். மற்றவர்கள் அதற்குள் நீந்தினார்கள். "உன் மூச்சு முடியப்போகுது, உருட்டு" என்றாள். உருட்ட வேண்டியவள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு ஒருவர் எந்நேரமும் கடல்மேல் இருக்கிற ஒரு தெருவில் இதை விளையாடினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தூத்துக்குடியும் இனிகோவும் சேர்ந்தே வந்தார்கள்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1978 நவம்பரில் கடல் தன் கோர முகத்தை" — வேண்டாம். கடலுக்கு முகம் கிடையாது.

"இனிகோவின் உள்ளங்கையில் இருபது முகம் கொண்ட பகடை" — மோசமில்லை. ஆனால் இனிகோ யார்?

[நெஞ்சு திடமில்லாதவர்களுக்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்: கதையில் கடலுக்குப் போகிற ரோச் பிழைத்து வந்துவிடுவார். கவலைப்படாமல் படியுங்கள்.]

2

இனிகோ சரக்குக் கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவர். கால் முறிந்து கரையேறி, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தார். ராட்டர்டாமில் சரக்குக்காகக் காத்துக் கிடந்தபோது உடன் இருந்த ஆங்கிலேயர் ஒருவர் அவருக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்து, பெட்டியையும் கொடுத்துவிட்டார். அதில் சில சிறு புத்தகங்களும் பல முகப் பகடைகளும் இருந்தன. பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் ஓர் இடத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்க்கும்.

ஞாயிறு மதியங்களில் இனிகோ சொல்ல, இரண்டு பேர் ஆடினார்கள். ஆபீஸ் நண்பர் தாணுலிங்கம் ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து மந்திரவாதி ஆவார். தங்கை விக்டோரியாவின் கணவர் ரோச், கொழும்புக்குச் சரக்கேற்றும் பாய்மரத் தோணியில் போகிறவர். தன் வேடத்துக்குக் 'கப்பித்தான்' என்று பெயர் வைத்துக்கொண்டார். நிஜத்தில் அவர் தோணியை நடத்தும் கப்பித்தான் இல்லை. அந்த ஆசை இருந்தது. விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறையான பாருக்கு அடியில் முங்கிப்போன கோட்டை ஒன்றை இனிகோ கட்டியிருந்தார். உள்ளே ஒவ்வோர் அறைக்கும் மூச்சுக்காக ஒருமுறை உருட்ட வேண்டும். ஆழம் போகப்போக விழ வேண்டிய எண்ணும் ஏறும். குறைந்து விழுந்தால் முடிந்தது.

கப்பித்தான் அந்தக் கோட்டை வாசலுக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை, ரோச் தோணிக்குப் போக வேண்டிவந்தது. "மச்சான், நான் வாரவரைக்கும் அவனை முங்கடிச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் புயல் அடித்தது. மற்ற தோணிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரோச் போன தோணியைப் பற்றி வயர்லெஸ்ஸிலும் தகவல் இல்லை.

3

அடுத்து வந்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்த பிறகு, விக்டோரியா இனிகோ வீட்டுக்கு வந்தாள்.

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு பெண் விளையாட உட்காருவாளா? ஒரு பிரதியில் அவளை அழவைத்துப் பார்த்தேன். அழுதாள். கதை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அவளையே பேசவிட்டேன்.)

"அண்ணே, அந்தப் பெட்டிய எடு."

"எதுக்குளா?"

"கப்பித்தானைத் தண்ணிக்குள்ள விட்டுட்டுல்லா போயிருக்காரு. நான் வெளிய கொண்டாந்துருதேன்."

"இப்பவா? ஏளா, பேசாம வீட்டுக்குப் போ."

"வீடு நெறைய ஆளு. எல்லாரும் என் மொகத்தைப் பாத்துட்டு சத்தங்காட்டாம உக்காந்திருக்காங்க. எனக்கு ஏதாவது செய்யணும்ணே."

இனிகோ பெட்டியை எடுத்தார். முதல் அறையில் கூரைக்குக் கீழே கொஞ்சம் காற்று தங்கியிருக்கிறது என்றார். உருட்ட வேண்டியதில்லை. இரண்டாவதிலும் காற்று இருந்தது. சுறா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிழட்டு ஆமையை விட்டார். மூன்றாவது அறையிலும் காற்று என்றதும் விக்டோரியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்ணே, போற எடமெல்லாம் காத்து இருக்கு?"

"அது அப்படித்தான்."

"தாணுலிங்கம் அண்ணாச்சி வாரப்ப இப்படியா இருந்துச்சு? கழுத்து முட்டத் தண்ணியால்லா இருந்துச்சு." பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்: "அவரு போயிட்டாருன்னு நீ முடிவு பண்ணிட்டே. அதான் தடவிக் குடுக்கே."

அவள் சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமை துறைமுகத்தில், தோணியைப் பற்றிக் கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்களே, அப்போதே இனிகோ மனசுக்குள் ரோச்சை அடக்கம் செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதை இப்போது ஓர் ஆமை காட்டிக்கொடுத்துவிட்டது.

"அடுத்த அறை," என்றார். "காத்து இல்ல. கதவு பின்னால அடைச்சிக்கிடுச்சு. பதினாலோ அதுக்கு மேலயோ விழணும்."

"இப்ப சரி," என்று விக்டோரியா உருட்டினாள்.

மூன்று விழுந்தது.*

இனிகோ கையை நீட்டிப் பகடையை மறைக்கப் பார்த்தார். அவள் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மூணுன்னா?"

"கப்பித்தான் போயிட்டான்ளா."

அவள் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. போனது கப்பித்தான். எம் புருசன் இல்ல" என்று எழுந்தாள். அடுப்படிக்குப் போய், அண்ணன் வீட்டுச் சோற்றை, காலையிலிருந்து எதுவும் தொடாதவள், தானே போட்டுச் சாப்பிட்டாள். இனிகோ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

\* முதல் பிரதியில் இருபது விழுந்தது. அவள் சந்தோஷப்பட்டாள், நானும் பட்டேன். மறுநாள் படித்தபோது நானும் ஆமை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அடித்துவிட்டேன்.

4

பகடை உருளும்போதே கதவு தட்டப்படுவதாகவும் ஒரு பிரதி இருந்தது. அது நாடகத்துக்குத்தான் ஆகும். சேதி திங்கட்கிழமை பகலில் வந்தது. சேதிகள் பெரும்பாலும் ஆபீஸ் நேரத்தில்தான் வருகின்றன. தாணுலிங்கம் சைக்கிளைத் தெருவிலேயே கிடத்திவிட்டு விக்டோரியா வீட்டுக்குள் ஓடி வந்தார். இனிகோவும் அங்கேதான் இருந்தார்.

"வே இனிகோ! ஆபீஸ் டெலிபோன்ல ரோச் பேசுனாருவே! மணப்பாட்டுல இருந்து!" மூச்சு வாங்கியது. "பாய்மரம் முறிஞ்சி, அடிச்சிட்டுப் போயி, அங்கன கரையேறியிருக்காங்க. எல்லாரும் சுகம். மாத்துச் சட்டை ஒண்ணு குடுத்து விடச் சொன்னாரு."

விக்டோரியா கேட்டது ஒன்றுதான்: "எந்தச் சட்டை?"

பிறகு அதை எடுக்க உள்ளே போனாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சத்தம் அதுதான். இனிகோ நொண்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய், கிணற்றடியில் நின்று, யாரும் பார்க்காமல் ஓங்கி அழுதார்.

5

ரோச் மறுநாள் வந்தார். உதடு வெடித்து, தோள் உரிந்து, கூட்டிவரப் போயிருந்த தாணுலிங்கத்தின் சட்டையில் வந்தார். விக்டோரியா எடுத்துவைத்த சட்டை பதற்றத்தில் வீட்டிலேயே தங்கிவிட்டது. சீலா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தவர், இரண்டாவது சோற்றுக்குத்தான் தலையைத் தூக்கினார்.

"மச்சான், நம்ம கப்பித்தான் எப்படி இருக்கான்?"

இனிகோ தாணுலிங்கத்தைப் பார்த்தார். தாணுலிங்கம் கூரையைப் பார்த்தார்.

"நீங்க ஞாயித்துக்கெழமையே கதவு அடைச்ச அறையில முங்கிச் செத்துட்டிய," என்றாள் விக்டோரியா, குழம்பு ஊற்றிக்கொண்டே. "நான்தான் உருட்டுனேன். இப்ப சோத்தைத் தின்னுங்க." சொல்லி முடிக்குமுன் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

ரோச்சுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "கதவு அடைச்ச அறையிலயா? அங்கன சன்னல் இருக்கான்னு கேட்டியா? கோட்டைன்னா சன்னல் இல்லாமலா? ஏலே மச்சான், நீயே சொல்லு, சன்னல் உண்டா இல்லையா?"

ரோச் சோற்றுக் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார். இனிகோ வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற ஆள் போடுகிற சண்டை அது. அது முடிந்துவிடக்கூடாது என்று அவருக்கு இருந்தது.

சன்னல் வைக்க எனக்கு ஒரு வரி போதும். இல்லை என்று சொல்லவும் ஒரு வரி போதும். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் இங்கே சேர்க்கப்போவதில்லை. ரோச்சுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அவசரம் இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிறார்.