சீர் கொடுத்த கம்ப்யூட்டர்

உறவு முறிந்தால் மண்ணூர்பேட்டையில் கல்யாணச் சீரைக் கரண்டி வரைக்கும் எண்ணித் திரும்ப வாங்குவார்கள். மதிவதனி அப்படிக் கேட்கவில்லை. பீரோ வேண்டாம், கட்டில் வேண்டாம், அப்பா சீராகக் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் போதும் என்றாள். காய்ச்சலில் இறந்துபோன மகள் வர்ஷாவின் வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

"கம்ப்யூட்டரைக் கொடுத்துடுப்பா" என்றார்கள் பஞ்சாயத்து பேச வந்த பெரியவர்கள். புருஷன் அரவிந்தன் உடனே தலையாட்டினான். ஐ.டி. வேலை, அதிராத பேச்சு. தங்கமான பையன் என்று மெச்சினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத் தூக்கிப்போய்ப் பிள்ளையைக் கொன்றவள் என்று அவன் அவளைத் தினமும் குத்திக்காட்டியது அவர்களுக்கு எங்கே தெரியும்? தேளுக்குக் கொடுக்கில் விஷம், இந்த மாதிரி ஆளுக்கு உடம்பெல்லாம் விஷம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி விஜய்யோடு ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டுக்குப் போனாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. பாதியைத் தாண்டியிருந்தது.

"என் பேங்க் விவரமெல்லாம் இருக்கு. க்ளீன் பண்ணிட்டுத் தர்றேன்" என்றான் அரவிந்தன்.

"பாப்பா வீடியோ?"

"அதைப் பத்திக் கவலையே படாதே."

பாவி மகள் நம்பினாள். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

"அய்யய்யோ, இது அஞ்சு நிமிஷம் தாங்காதே. பாதியில நின்னா வம்பு" என்றான். நாற்காலியை விட்டு மட்டும் எழவில்லை.

அவள் நாலு மாடியும் படியில் ஓடி இறங்கினாள். டீசல் செலவென்று பகலில் ஜெனரேட்டரைப் போட விடமாட்டார்கள். வாட்ச்மேன் முனியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, ஜெனரேட்டரப் போடு. எம் பொண்ணு அதுக்குள்ள கீறா!"

முனியனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் காலில் விழ வருவதைப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கையோடு ஓடினார்.

மூச்சிரைக்க அவள் மேலே வந்தபோது கோடு மறுபடியும் நகர்ந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் விஜய் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தான். கறுப்புத் திரைதான் வந்தது.

"இன்னா மாமா, ஒண்ணியும் காணோம்?"

"எப்படி வரும்? டிஸ்க் முழுக்க அழிச்சு, அது மேலயே வேற எழுதியாச்சு. இனி எவனாலயும் எடுக்க முடியாது. கம்ப்யூட்டரைக் கேட்டீங்க, கொடுத்துட்டேன்."

மதிவதனி அந்தக் கறுப்புத் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்குன்னு ஒண்ணாவது வச்சிகினீங்களா?"

"எனக்கும் வேணாம். உனக்கும் இருக்கக் கூடாது." அவன் சிரித்தான். "கரண்ட் போனப்ப அப்படியே விட்டிருந்தா அழியாத மிச்சத்தையாவது கடைக்காரன் மீட்டுக் கொடுத்திருப்பான். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆடி அசைஞ்சு போனவ, இன்னைக்கு என்னமா ஓடினே!"

விஜய் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். அடிக்கக் கை ஓங்கியபோது அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர வுட்றா. நாந்தான்டா ஜெனரேட்டரப் போடச் சொன்னேன்" என்றாள்.