மூடிய கையளவு

சட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த சம்பூர்ணத்தின் கை பாதியில் நின்றுவிட்டது.

"இன்னாடி இது?"

நீலமேகத்தின் மார்பிலும் வயிற்றிலும் கறுப்பு மார்க்கரில் படம் போட்டிருந்தது. மீன் பெட்டியில் பெயர் எழுதுகிற மார்க்கர் அது, உப்புத் தண்ணீருக்கே அசையாது. நேற்றுச் சாயங்காலம் பரிமளாதான் புருஷன்மேல் அந்தப் படத்தைப் போட்டாள். இன்று காலை கரைக்கு வந்து வலையை இறக்கிவிட்டு, மார்பு அடைக்கிறது என்று அவர் மணலில் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றிக் கோவளம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே பந்தலில் பெஞ்சு போட்டுத் தண்ணீர்க் குடங்களை வைத்திருந்தார்கள். குளிப்பாட்ட ஆண்கள் வந்து தூக்கிப்போக வேண்டியதுதான் பாக்கி. திருவிடந்தைக் குப்பம் முழுக்க அங்கே நின்றது.

"பரீட்சைக்கு அண்ணி. உள்ள எது எங்க கீதுன்னு மனசுல நிக்கல. நான்தான் கேட்டேன், அவரு படுத்துகினாரு."

படூரில் ஆறு மாத நர்சிங் உதவியாளர் பயிற்சி. முப்பத்தெட்டு வயதில் பரிமளா போய்ச் சேர்ந்தபோது அதிகம் சிரித்தது இந்த நாத்தனார்தான். சம்பூர்ணத்துக்கு நாக்கு நீளம். தம்பி என்றால் மட்டும் உயிர்.

"கட்டினவன் ஒடம்ப சிலேட்டாக்கி வெச்சிகீற. வெளிய பாக்கறவங்க சூனியம்னு சொல்லுவாங்க. எண்ணைய எடு, அழிச்சிடலாம்."

பரிமளா நகரவில்லை. அழிக்கவிட அவளுக்கு மனசில்லை. இருபது வருஷத்தில் இருவரும் சேர்ந்து கடைசியாகச் செய்த காரியம் இது. கூச்சத்தில் நெளிந்துகொண்டே, "இத்தினி சாமானா உள்ள கீது?" என்று கேட்டுக்கேட்டு அவர் மாய்ந்துபோனார். சிறுகுடல் மட்டும் இருபதடி என்றதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். விடியற்காலை படகில் சட்டையைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினாராம். கூடப்போன லோகு அழுதுகொண்டே சொன்னான்.

"அழிக்காத அண்ணி. உன் கால்ல வேணா வுழறேன்."

சம்பூர்ணம் காதில் வாங்கவில்லை. மாடத்திலிருந்த தேங்காயெண்ணெயைத் தானே எடுத்துத் துணியில் ஊற்றி, மார்புக்குக் கொண்டுபோனாள். அங்கே கை தயங்கியது.

"மார்ல இது இன்னா?"

"இதயம்."

"இவ்ளோ பெர்சா?"

"அவங்கவங்க கைய மூடினா எவ்ளோவோ அவ்ளோதானாம். மேடம் சொன்னாங்க. அவரு கைய மூடி மார்ல வெச்சாரு, நான் சுத்திக் கோடு போட்டேன்."

சம்பூர்ணம் துணியைக் கீழே வைத்தாள். தம்பியின் வலது கையை எடுத்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். விறைத்துப்போயிருந்தன. பிறகு தன் கையை மூடி அந்தக் கோட்டுக்குள் வைத்தாள். சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.

"ஒரு நாளிக்கு லட்சம் தபா அடிக்குமாம் அண்ணி. தூங்கறப்பகூட. அம்மா வயித்துல ஆரம்பிச்சது, நடுவுல ஒரு நாள் லீவு கெடையாது."

"நிக்கப்போறது உனுக்குத் தெரியலியா?"

குத்திக்காட்டக் கேட்ட மாதிரி இல்லை.

"தெரியல அண்ணி. காலையிலேர்ந்து அதையேதான் நெனச்சிகினு கீறேன்."

அதைச் சொன்ன பிறகுதான் பரிமளாவுக்கு அழுகை வந்தது. வகுப்பில் இதையெல்லாம் மார்க்குக்காகப் படித்தாள். கையளவு சதை, யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், நாற்பத்தைந்து வருஷம் இந்த ஆளை எழுப்பிக் கடலுக்கு அனுப்பித் திரும்பக் கூட்டிவந்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

சம்பூர்ணம் மூடிய கையை அப்படியே தூக்கித் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். வெளியே மேளம் தொடங்கியிருந்தது. அவள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

"எனுக்கு அடிச்சிகினு கீதுடி," என்றாள், அறுபது வயதில் முதல்முதலாகக் கேள்விப்பட்டவள்போல.

லோகு கதவைத் தட்டினான். "அக்கா, தூக்கலாமா?"

"இருடா."

அவள் பார்வை படத்தின்மேல் மெதுவாக இறங்கியது. வயிற்றுக்கு வந்ததும் விரலை வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டுகீற. ஒண்ண அடிச்சிகீற."

"அது கல்லீரல். எதிர்ல ஒக்காந்துகினு என் வலதுகைப் பக்கமா போட்டுட்டேன், அது அவருக்கு எடது. படுத்துகினு கீறவங்களோட வலதுதான் வலதுன்னு மேடம் தலபாடா அடிச்சிகினாங்க. அப்பறம் அத்த அடிச்சிட்டு இந்தப் பக்கம் போட்டேன்."

சம்பூர்ணம் துணியை மறுபடி எடுத்தாள். பரிமளா தடுக்கக் கை நீட்டி, நிறுத்திக்கொண்டாள். இடப்பக்கம் அடித்துப்போட்டிருந்ததை மட்டும் சம்பூர்ணம் துடைக்கத் தொடங்கினாள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். மற்ற கோடுகளில் பட்டுவிடாமல் துணியை விரல்நுனியில் சுற்றிக்கொண்டு, கறுப்பு முழுக்கப் போகும்வரை துடைத்தாள்.

"இப்ப சரியா கீதா பாரு."

பரிமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சரியா கீது அண்ணி."

சம்பூர்ணம் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.