ஓம் சொல்வதற்கு முன்

மருதமுனையில் தறி வைத்திருந்த பதியுதீனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் சபூறா, இளையவள் நபீஸா. கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகுமுன்னே, தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே சபூறா மவுத்தாகிப் போனாள். நபீஸாவின் பிடிவாதம் அந்த மையித்து வீட்டில்தான் பிறந்தது.

கடைசி நாட்களில் சபூறாவின் முகம் வீங்கிக் கிடந்தது. கண்ணிமைகள் கனத்துவிட்டன. நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். "உம்மாவக் கூப்பிடட்டா ராத்தா?" என்று நபீஸா கேட்டால், "வேணாம் புள்ள. புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் வாறதானே. சொன்னா, சின்ன வருத்தத்துக்கும் கத்துறாள் எண்டுவாங்க" என்பாள். ஒரு நாள் காலையில் கைகால் வெட்டி இழுத்தது. மாட்டு வண்டிலில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

மையித்தை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் அறைக்குள் குந்தியிருந்தார்கள். லைலா மாமி, நபீஸாவின் தாய்மாமன் ஷரிபுதீன் மரைக்காரின் மனைவி, மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "முகம் வீங்கி, தலையும் இடிச்சா கூடாது. அவள் மூக்குத்தி கழட்டேலாம கிடந்ததக் கண்டபோதே எனக்கு நெஞ்சு பதறின."

நபீஸா நிமிர்ந்து பார்த்தாள். "கண்டீங்களா மாமி? அப்ப ஏன் சொல்லல்ல?"

"குமருகள் இரிக்கிற வீட்டுல அதெல்லாம் கதைக்கிறதா? வாயப் பொத்து!"

நபீஸா வாயைப் பொத்தினாள். ஆனால் அந்தக் கேள்வியை விழுங்க அவளால் முடியவில்லை.

அதன் பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். தாயிடம் கேட்டாள். தாய் அடுப்பை ஊதிக்கொண்டே, "நேரம் வந்தாத் தானாத் தெரியும்" என்றாள். கலியாணம் முடித்த கூட்டாளிப் பெண்ணிடம் கேட்டாள். அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டு ஓடினாள். ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போய்க் கேட்டாள். அந்த மனுசி முகம் சிவந்து, "இது கெட்ட கேள்வி" என்றாள். ஊரில் நபீஸாவுக்கு ஏசுவதற்கு ஆள் குறைவில்லை. எப்படி இருக்க வேணும், எப்படிச் சிரிக்க வேணும், சீலையை எந்தத் தோளில் போட வேணும் என்று தெருவில் போகிறவளும் சொன்னாள். அக்காளைக் கொண்டுபோனது என்ன, அது தனக்கு வராமல் பார்ப்பது எப்படி என்று சொல்ல மட்டும் ஒரு பெரிய மனுசியும் இல்லை.

இப்படியே அவளுக்கு இருபது வயது நடக்கும்போது மாப்பிள்ளை வந்தது. வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற ஸலாஹுதீன். நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். நபீஸாவும் வேலி ஓலையை விலக்கி ஒரு தரம் பார்த்திருந்தாள். பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் பயமும் கூடியது.

கலியாண நாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த தாயின் கையைப் பிடித்தாள். "இண்டைக்காவது சொல்லுங்க உம்மா."

"எத மகள்?"

"எல்லாத்தையும்."

தாய் கையை உருவிக்கொண்டு, வெந்நீர் கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

பின்னேரம் மாப்பிள்ளை வந்து இறங்கினார். குரவைச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. பந்தலுக்குள் பள்ளி லெவ்வை, கலியாணம் பதியும் காவின் புத்தகத்தோடு காத்திருக்க, பதியுதீன் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு பெண்ணிடம் சம்மதம் கேட்க உள்ளே வந்தார். பின்னாலேயே ஷரிபுதீன் மரைக்காரும் வந்தார். அறைக்குள் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு ஒதுங்கினார்கள். நடுவில், சிவப்புக் கூறைக்குள் நபீஸா.

"மகள், ஸலாஹுதீனுக்கு ஒன்ன நிக்காஹ் முடிச்சுக் குடுக்க ஓமா?"

குமர்ப் பெண் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். எல்லாப் பெண்களும் அப்படித்தான் தலையைக் குனிந்து இருந்தார்கள், சபூறாவும் அப்படித்தான் இருந்தாள். சாட்சிகள் பாதி திரும்பியும் விட்டார்கள்.

"வாப்பா, நில்லுங்க. நான் இன்னும் ஓம் சொல்லல்ல."

வெளியே குரவை நின்றுபோனது.

"மாப்பிள்ளையில ஒரு குறையும் இல்ல," என்றாள் நபீஸா. "அவரத்தான் முடிப்பன். ஆனா இந்த அறைக்குள்ள இரிக்கிற பெரியவங்க, ஒரு பொம்புளைக்குத் தெரிய வேண்டியத எனக்குச் சொல்லித் தரட்டும். மறுகா ஓம் சொல்றன்."

"என்னத்தச் சொல்லித் தாற?" பதியுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கலியாணம் எண்டா என்ன, புள்ளத்தாச்சியா இரிக்கிறதெண்டா என்ன, எந்த வருத்தம் சும்மா வாற வருத்தம், எந்த வருத்தம் மவுத்துக்கு இழுக்கிற வருத்தம், எல்லாத்தையும். ராத்தாட முகம் வீங்கினத நான் பாத்துக்கிட்டு இரிந்தன் வாப்பா. அது என்னெண்டு எனக்குத் தெரியா. தெரிஞ்சவங்க வாயப் பொத்திக்கிட்டு இரிந்தாங்க."

மரைக்கார் தடியைத் தரையில் இடித்தார். "வெக்கங்கெட்டவளே! பந்தல் நிறையச் சபை கூடி இரிக்கி. ஒரு பொட்டைப் புள்ளட கதைக்காக மாப்பிள்ளை வீட்டாரக் காக்க வைக்கிறதா? எங்கட குடிக்கு இப்படியொரு கேவலம் வந்ததில்ல!"

"கேட்டறியிறது ஹறாமா மாமா? லெவ்வையக் கேளுங்க. ஹறாமெண்டு அவர் சொன்னா நான் இப்பவே வாய மூடுறன்."

மரைக்கார் லெவ்வையைக் கேட்கப் போகவில்லை. பதியுதீனைப் பார்த்து, "ஒரு அறை போட்டு வழிக்குக் கொண்டுவா" என்றார்.

பதியுதீன் மகளைப் பார்த்தார். சபூறாவை வண்டிலில் ஏற்றியபோது அவளுடைய தலை அவர் மடியில்தான் இருந்தது. அவர் கையை ஓங்கவில்லை. மச்சானின் தோளில் கையை வைத்து வெளியே திருப்பினார். வாசலில் நின்று, பெண்கள் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "சொல்லுங்க. அசறு தொழுதிட்டு வாறம்."

கதவு சாத்தப்பட்டது.

லைலா மாமி எழுந்தாள். "இந்தக் கூத்துக்கு நான் இரிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் பின்கதவால் போனாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சுலைகாவும் எழுந்து சேலையைச் சரி செய்தாள். அவள் போனால் கலியாணமே போனது போலத்தான். நபீஸாவின் தாய் அழத் தொடங்கிவிட்டாள்.

"போறதெண்டா போங்க மாமி," என்றாள் நபீஸா சுலைகாவிடம். "நான் கோவிக்கமாட்டன். போறதுக்கு முதல் ஒண்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க. நீங்க கலியாணம் முடிச்சபோது ஒங்களுக்கு யாரு சொல்லித் தந்த?"

சுலைகா கதவில் கைவைத்தபடி நின்றாள். தடித்த உடம்பு, கறாரான முகம், வயலில் கூலியாட்களை அதட்டிப் பழகிய வாய்.

"ஒருத்தரும் இல்ல," என்றாள் கடைசியில். "எனக்கு அப்ப சின்ன வயசு. முதல் ராவு பயத்துல கோழிக்கூட்டுக்குப் பின்னால போய் ஒளிச்சன். அடுத்த நாள் ஊரெல்லாம் சிரிச்ச." அவள் திரும்பி வந்து பாயில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். "சிரிச்சாங்களே தவிர, ஒருத்தியும் கிட்ட வந்து குந்தல்ல. வா புள்ள, இஞ்ச வா. கேளு."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் சுலைகா மட்டும் பேசினாள். பயந்தால் பயமென்று சொல்லலாம், புருசனும் பயந்துதான் இருப்பான், வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்ல வாய் இருக்கிறது என்றாள். தன் மகனைப் பற்றியே அப்படிச் சொல்கிறாளே என்று யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் மற்றவர்களின் வாயும் கழன்றது. ஒருத்தி பிள்ளை தங்காமல் போனதைச் சொன்னாள். இன்னொருத்தி, ரத்தம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதே, வண்டில் பிடித்து ஆசுபத்திரிக்கு ஓடு என்றாள். முகம் வீங்கி, தலை இடித்து, கண் மங்கினால் ஒரு நாளும் பொறுக்காதே என்று வேறொருத்தி சொன்னாள். பேச்சு ஒன்றோடொன்று முட்டியது. ஒருத்தி சொன்னதை மற்றவள் மறுத்தாள், சண்டையும் பிடித்தார்கள். பக்கத்து அறைக் குமருகள் திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு கிழவி அவர்களைத் துரத்தப் போனாள்.

"இரிக்கட்டும்," என்றாள் நபீஸா. "அவங்களுக்கும் கலியாணம் வரும்."

தாய் மட்டும் மூலையில் ஒன்றும் பேசாமல் இருந்தாள். நபீஸா அவளருகே நகர்ந்து போனாள்.

"நீங்க சொல்லமாட்டீங்களா உம்மா?"

தாய் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்டும் தெரியா மகள். என்ட உம்மா நான் சின்னதா இரிக்கக்குள்ள மவுத்து. ஒங்க ரெண்டு பேரையும் கண்ண மூடிக்கிட்டுப் பெத்தன். நீ கேட்கக்குள்ளெல்லாம், தெரியாதெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்திச்சி. பெத்தவளுக்குத் தெரியாதெண்டு எப்படிச் சொல்ற?"

நபீஸாவுக்கு அவ்வளவு காலமும் தாய்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாயின் கையைப் பிடித்து, பெண்களின் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். "அப்ப நீங்களும் கேளுங்க."

அசறு முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். சஹன் தட்டங்களுக்குள் சோறு ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை பந்தலுக்குள் அமைதியாக இருந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரோ அவரைச் சீண்ட, "உம்மாவும் உள்ளதானே இரிக்கா" என்று மட்டும் சொன்னாராம். பதியுதீன் கதவைத் தட்டினார். அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

"ஓம்!" என்றாள் நபீஸா. பந்தல் வரைக்கும் கேட்டது. இவ்வளவு சத்தமாய் ஒரு மணப்பெண் ஓம் சொன்னதை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. சுலைகாதான் முதலில் குரவையிட்டாள்.

எல்லாம் நல்லபடி முடிந்ததென்று சொல்ல முடியாது. மரைக்கார் வீட்டார் சாப்பிடாமலே போனார்கள். பெரிய பெருநாளைக்கும் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. கடைத்தெருவில் நபீஸாவுக்கு 'நில்லுங்க வாப்பா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பதியுதீனைக் கண்டால் சிலர் அதைச் சொல்லியே சிரித்தார்கள். அவர், "ஓம், நிண்டன்தான்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போவார்.

அடுத்த அறுவடை முடிந்த கையோடு லைலா மாமியின் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். ஒரு நாள் பகலில் மாமி தலையை மூடிக்கொண்டு, ஊர் வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகும் நபீஸா இருந்த தாய்வீட்டுக்குப் பின்வழியால் வந்தாள். மகளும் கூட வந்திருந்தாள். மாமி தண்ணீர் குடித்தாள், வெயிலைப் பற்றிக் கதைத்தாள், கடைசியில் விசயத்துக்கு வந்தாள்.

"இவள் சோறு தின்னுறாள் இல்ல. பயந்து கிடக்காள். நீ ரெண்டு வார்த்த சொல்லிக் குடு நபீஸா."

நபீஸா அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள் அவள். பார்வை தாயின் மேலேயே இருந்தது.

"நான் சொல்லமாட்டன் மாமி."

"பழி வாங்குறியா?"

"இல்ல. இவளுக்கு உம்மா ஹயாத்தோட, உசிரோட இரிக்கா. நீங்க என்னவிட எவ்வளவோ கண்டவங்க. கண்டத நீங்கதான் சொல்லணும்." நபீஸா பாயை விரித்துப் போட்டாள். மாமியை ஒரு பக்கமும் மகளை மறுபக்கமும் இருத்திவிட்டு, தானும் உட்கார்ந்தாள். "வெக்கமா இரிந்தா என்னப் பாத்துச் சொல்லுங்க. அவள் கேட்டுக்கொள்ளட்டும்."

லைலா மாமி நெடுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. நபீஸா எழும்பவும் இல்லை, உதவவும் இல்லை.

"நான்…" என்று தொடங்கினாள் மாமி. பிறகு நபீஸாவை விட்டு மகள் பக்கம் திரும்பினாள்.