இரும்பு முனியப்பனுக்கு ஒரு பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் வீடியோ டெக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் போட்டவன் எல்லாம் பாட்டை வெட்டினான். படம் இரண்டே முக்கால் மணி நேரம். பாட்டு வருகிற இடத்தில் பட்டனை அழுத்தி ஓட்டிவிட்டால் இரண்டே கால் மணி நேரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். நான் வெட்டியதில்லை. சாமி சத்தியமாக வெட்டியதில்லை. எனக்குப் பிடிக்காத பாட்டைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரி வரை ஓட விட்டிருக்கிறேன். அரூர் முனிராஜ் படம் போட்டால் முழுசாகப் போடுவான் என்று சித்தேரி மலைமேல் எனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேரை விட்டால் நான் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. அது ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்தால் போயிற்று.

கேசட்டைக் கொடுத்தவர் அக்பர் அலி, என் வாடிக்கைக்காரர். துபாயிலிருந்து லீவில் வந்தவர் அதை என் வீடியோ கடையில் வைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் புரியல, நீ பாரு முனிராசு” என்று சொல்லித் திரும்ப விமானம் ஏறிவிட்டார். நான் பார்த்தேன். பதினொரு தடவை பார்த்தேன். பனைமரத்தைப்போல் நாலு மடங்கு உயரத்தில் ஓர் இரும்பு மனிதன். அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஒரு பையன் அவனை ஓட்டுகிறான். பையனுக்கு ஒரு தங்கை. வானத்திலிருந்து ஒரு ராட்சசன் இறங்கி ஊரை மிதிக்கிறான். கார்ட்டூன் குழந்தைகள் சமாச்சாரம் என்று சொல்கிறவர்களோடு நான் அன்றிலிருந்து பேசுவதில்லை.

இதை மலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. பேச்சு ஜப்பான் பாஷையில் இருந்தது. அதற்கு டெக்கில் வழி உண்டு. படத்தை அப்படியே விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் அழித்துப் புதிதாகப் பதிய ஒரு பட்டன் இருக்கிறது. கதையை நானே கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் நானே தமிழில் பேசினேன். ராட்சசனுக்குச் சொம்புக்குள் வாயை வைத்துப் பேசினேன். தங்கைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். நான்கு நாள் தொண்டை கட்டிக் கிடந்தது.

சித்தேரியில் என்னை வரவழைப்பது பெரியம்மாள். ஐம்பது வயது இருக்கும். சாமைக் கொல்லையில் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் கிளி பறக்கும். எந்தப் படம், எந்த நாள் எல்லாம் அவர் சொல்வதுதான். அன்றைக்குப் படம் ஓடியபோது ஊரே வாயடைத்து உட்கார்ந்திருந்தது. இரும்பு மனிதனைப் பார்த்ததும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நெடுநெடுவென்று மீசையோடு நிற்கும் முனியப்பனைப் பார்த்துப் பழகிய சனம். இவனுக்கும் இரும்பு முனியப்பன் என்று அங்கேயே பேர் வைத்துவிட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. படம் முடிந்து நான் வயரைச் சுருட்டும்போது பெரியம்மாள் பக்கத்தில் வந்தார்.

“படம் நல்லாத்தான் இருக்குது. பாட்டு எங்க?”

“இதுல பாட்டு இல்லீங்கம்மா. இது கார்ட்டூனு.”

“பாட்டு இல்லாம எவனாச்சும் படம் எடுப்பானா? அந்தத் தங்கச்சிப் புள்ள ஆத்தோரமா நின்னு வானத்தப் பாத்துச்சே. அங்கதான வெட்டுன?”

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அதைவிடக் கோபம், அவர் சொன்னது சரியான இடம். ஒரு பாட்டு வைப்பதாக இருந்தால் அங்கேதான் வைக்க வேண்டும். “அப்பிடியே பொசுக்குனு அறுத்த மாதிரி இருந்துச்சு” என்று கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சத்தியம் செய்தேன். சத்தியம் செய்கிறவன்தான் வெட்டியிருப்பான் என்பதுபோல் பார்த்தார்கள். அடுத்த வாரம் மலை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரே, “முழுப் படமா, வெட்டுன படமா?” என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார்.

என் கடைக்குப் பக்கத்துக் கடை சகாயமேரி அக்காவின் தையல் கடை. மாதா கோயிலில் பாடுகிறவர். நான் புலம்பியதையெல்லாம் ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்கும் வரை கேட்டார்.

“இல்லாத பாட்டத்தான கேக்கறாங்க. ஒண்ணு செஞ்சு வெச்சுரு.”

“அது எப்படிங்கக்கா, அவங்க படத்துல நாம பாட்டு வெக்கறது?”

“அவங்க படத்துல நீ சொம்புக்குள்ள பேசலியா?”

மேரி அக்கா பாட்டெழுதினார். “இரும்புக்கால எடுத்து வச்சா இடி இடிக்கும் மலைமேலே, இறங்கி வந்து காவல் நில்லு எங்க சாமைக் கொல்லையிலே” என்று ஆரம்பம். மெட்டும் அவரே. வாத்தியத்துக்கு எங்கே போவது? தையல் மிஷினை மிதித்தார், அதுதான் தாளம். இரும்பு முனியப்பன் கால் வைக்கும்போது கத்தரியால் மேஜைமேல் ஒரு போடு. டேப்ரிக்கார்டரில் பதிந்துகொண்டோம். பிறகு இன்னொரு டெக்கை இரவல் வாங்கி, ஒன்றில் ஓட்டி ஒன்றில் பதிந்து, படம் முழுக்கத் தேடித் தங்கை நிற்கும் இடம், அண்ணன் திரும்பிப் பார்க்கும் இடம், இரும்பு முனியப்பன் நடக்கும் இடம் என்று துண்டு துண்டாக எடுத்துப் பாட்டுக்கு ஒட்டினேன். கட்டைவிரல் பட்டனிலேயே தேய்ந்தது. நாலு நிமிஷப் பாட்டுக்குப் பதினாறு நாள். கத்தரி விழுகிற இடத்தில் இரும்புக் கால் விழ வேண்டும். அரை நொடி தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

முடிந்ததும் அந்தப் பாட்டைப் படத்துக் கேசட்டிலேயே ஆற்றோரத்துக் காட்சிக்கு அடுத்துப் பதிந்து மலைக்குக் கொண்டுபோனேன். பாட்டு வந்ததும் விசில். மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார்கள். பெரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “நான் சொன்னன்ல? வெட்டி வெச்சிருந்தான்.”

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பழியை எழுத்தில், முத்திரையோடு, யாராவது பெரிய ஆள் துடைத்தால்தான் போகும் என்று தோன்றியது. அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்ட வீடியோ கடைக்காரர்கள் மாநாடு. அதில் ஒரு போட்டி: பாட்டுக்குச் சொந்தமாகப் படம் ஒட்டி ஐந்து நிமிஷத்துக்குள் காட்ட வேண்டும். வேறொருவர் செய்த ஆயத்தப் பாட்டுக் காட்சி கூடாது. முதல் பரிசு வாங்கினால் சான்றிதழில் “உருவாக்கியவர் முனிராஜ்” என்று எழுதித் தருவார்கள். அதை மேடையில் வாசிக்கும்போது பெரியம்மாள் காதால் கேட்க வேண்டும். மலைக்குப் போய்க் கெஞ்சி அவரைக் கூப்பிட்டேன். கொல்லை வேலையை விட்டுவிட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார்.

மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் கலர் டீவி. சங்கத் தலைவர் கிருஷ்ணப்பன்தான் நடுவர். தருமபுரியில் இரண்டு கடை வைத்திருந்தவர். வந்திருந்த பதினாலு கேசட்டில் ஒன்பதில் ஒகேனக்கல் அருவி கொட்டியது. மூன்றில் கல்யாண ஜோடி இதய வடிவத்துக்குள் சுற்றியது. ஒன்றில் யாரோ ஒருவருடைய புது மோட்டார் சைக்கிள். கடைசியாக என்னுடையது. இரும்பு முனியப்பன் முதல் அடி வைத்ததும் மண்டபம் அமைதியாயிற்று. பாட்டு முடிந்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நான் மேரி அக்காவைப் பார்த்தேன். அவர் பெரியம்மாளைப் பார்த்தார். பெரியம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணப்பன் மைக்கை வாங்கினார். “ரொம்ப நல்லா இருக்குதுங்க. அதுதான் பிரச்சினை. இது மெட்ராஸ்ல யாரோ டப்பிங் பண்ணி விட்ட படம். அதுல இருந்து பாட்ட மட்டும் எடுத்தாந்திருக்காரு. ரூலுபடி சேத்துக்க முடியாது.”

“இல்லீங்க தலைவரே. பாட்டு நாங்க செஞ்சதுங்க. படமும் துண்டு துண்டா நான் ஒட்டினதுங்க.”

“ஒட்டினதுன்னா?”

“கோடு கோடா ஓடுச்சுங்களே, அது ஒட்டின எடங்க.”

“அது தேஞ்ச கேசட்டு. எங்கடையிலயும் அப்பிடித்தான் ஓடும்.”

“சாமைக் கொல்லைன்னு வருதுங்களே. ஜப்பான்ல ஏதுங்க சாமைக் கொல்லை?”

“தமிழ்ல எழுதறப்ப நம்மூருக்குத் தகுந்த மாதிரிதான எழுதுவாங்க. சரி, மூலப் படம் இருக்குதா? அதப் போட்டுப் பாத்துரலாம். அதுல இந்தப் பாட்டு இல்லாட்டி முதல் பரிசு உங்களுக்குத்தான்.”

பையிலிருந்து கேசட்டை எடுத்து வெற்றிக்களிப்போடு நீட்டினேன். அவர் அதை டெக்கில் தள்ளிய பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. தங்கை ஆற்றோரமாக வந்து நின்றாள். மூக்கைப் பிடித்த குரலில் “அண்ணா, பத்திரமா போயிட்டு வா” என்றாள். அடுத்த நொடி தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் பாட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. என் பதினாறு நாள் உழைப்பு எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“அந்தப் பொண்ணு குரலு என்னுதுங்க. அண்ணனும் நான்தானுங்க. ராட்சசனும் நான்தானுங்க” என்றேன். மண்டபம் சிரித்தது.

“குரலு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது. சின்னக் கம்பெனி போல. ஒரே ஆள வெச்சு ஒப்பேத்தியிருக்காங்க” என்றார் கிருஷ்ணப்பன்.

அப்போது பெரியம்மாள் எழுந்தார். கேட்காமல் கொள்ளாமல் மேடையேறினார். மைக்கைத் தொடக்கூட இல்லை. அவருக்கு அது எதற்கு. “ஏனுங்க, அந்தப் பையன ஒண்ணும் சொல்லாதீங்க. நாங்க சித்தேரி. இந்தப் படத்த நாங்க மொதல்ல பாத்தப்ப இந்தப் பாட்டு இல்லீங்க.”

எனக்கு உயிர் வந்தது. கிருஷ்ணப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் இல்லன்னா, இவன் வெட்டிட்டான். நான்தான் கண்டுபிடிச்சுச் சத்தம் போட்டேன். பயந்துபோயி மறுக்கா கொண்டாந்து வெச்சுட்டான். ஊரே பாத்துச்சு. திருந்துன பையனுங்க. பாத்துச் செய்யுங்க.”

முந்நூறு வீடியோ கடைக்காரர்கள், அத்தனை பேரும் பாட்டை வெட்டுகிறவர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று நின்றேன். மேரி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் போனார். “பாடினது நானு. கேளுங்க” என்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தாளத்துக்குக் காலைத் தரையில் தட்டிக்கொண்டு பாடினார். கேசட்டில் இருப்பதைவிட நன்றாகப் பாடினார். மண்டபம் மறுபடியும் கைதட்டியது.

கிருஷ்ணப்பன் நெகிழ்ந்துவிட்டார். “அப்பிடியே கேசட்டுல இருக்கறது மாதிரியே பாடறாங்க. எவ்வளவு தடவை கேட்டுப் பழகியிருப்பாங்க” என்று சொல்லி, ஆறுதல் பரிசாக மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்றைக் கொடுத்தார். “குடுங்க, பாத்திரமாச்சும் மிஞ்சட்டும்” என்று மேரி அக்கா வாங்கிக்கொண்டார். முதல் பரிசு மோட்டார் சைக்கிளுக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். மொரப்பூர் வரை நான் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பெரியம்மாள்மேல் எனக்கு அப்படியொரு கோபம். இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“ஏம்பா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? நான் உனக்கு நல்லதுதான சொன்னேன்” என்றார் பெரியம்மாள். “மேடையில ஏறறப்ப எனக்குக் காலெல்லாம் நடுங்குச்சு தெரியுமா. எங்க ஊரு பஞ்சாயத்துலகூட நான் ஒக்காந்த எடத்துல இருந்துதான் பேசுவேன். அவ்வளவு ஆம்பளைங்க. உன்னைய ஒருத்தன் திருடன்னு சொல்றப்ப சும்மா ஒக்காந்திருக்க முடியல. வெட்டுனவன் எவன் திருப்பி வெச்சான்? நீ ஒருத்தன்தான வெச்ச.”

அவர் கையைப் பார்த்தேன். முன் சீட்டுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்காக இதுவரை யாரும் ஒரு மேடையிலும் ஏறியதில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஆமாங்கம்மா” என்றேன். “வெட்டுனேன். தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கங்க.”

மேரி அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

பெரியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சரி உடு. மீதி நாலு பாட்ட எப்ப வெப்ப?”

“மீதியா?”

“ஒரு படத்துக்கு அஞ்சு பாட்டாச்சும் இருக்கும். ஒண்ணுதான வெச்சிருக்க.”

மேரி அக்கா டிபன் கேரியரை என் மடியில் வைத்துவிட்டுக் கைப்பையில் பென்சிலைத் தேடினார். “எந்தெந்த எடத்துலங்க வெட்டியிருக்கான்?” என்று கேட்டார்.

பெரியம்மாள் யோசிக்கவே இல்லை. “அந்த ராட்சசன் தோத்துப்போயி, தனியா மலைமேல ஒக்காந்திருப்பான் பாரு. ஊரும் இல்ல, ஒறவும் இல்ல. அங்க ஒரு சோகப் பாட்டு இருந்துச்சு.”

“இருந்துச்சுங்கம்மா” என்றேன்.