அது சித்தி

நனைத்த பச்சரிசியைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார் பங்காளி வீட்டுப் பெரியவர் ராசு.

"அப்பா வாய்ல போடு."

அருள்மொழி போடவில்லை. அரிசியைப் பார்த்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இருசம்மாளைப் பார்த்தாள்.

"சித்தி, இதுல உப்பு போட்டியா?"

மேளம் சற்று ஓய்ந்திருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது.

"போடல," என்றாள் இருசம்மாள்.

"அப்பாவுக்கு உப்பு ஆவாது."

"போடலடி. நீ போடு."

குழந்தையின் அப்பா அம்மாசிக்கு மஞ்சள் காமாலை. பதினெட்டு நாள் உப்பில்லாத கஞ்சி. அவர் எழுந்து போய் உப்பு ஜாடியில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஐந்து வயதுக் குழந்தையைத்தான் அடுப்பங்கரை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நாளும் அவள் ஏமாறவில்லை.

குழந்தை அரிசியைப் போட்டாள். கீழே சிந்திய இரண்டு மணியையும் பொறுக்கிப் போட்டாள். பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். ராஜாம்பாள் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு, "எந்தம்பி உட்டுட்டுப் போன கண்ணே" என்று முகமெல்லாம் முத்தமிட்டாள். குழந்தை கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இருசம்மாள் அழவில்லை. தூக்கமில்லாமல் கண் எரிந்தது. அழுதால் எரிச்சல் குறையுமோ என்று நினைத்தாள். வரவில்லை.

ராஜாம்பாள் அம்மாசியின் அக்கா. உளுந்தூர்பேட்டையில் அவளுக்கும் புருஷனுக்கும் சாப்பாட்டுக் கடை. இட ஒதுக்கீட்டு மறியல் தொடங்கி மூன்று நாள். பஸ் இல்லை. மறியல்காரர்கள் வெட்டிய புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. சேதி சொல்லப் போன ராசுவின் மருமகனுடைய சைக்கிளில் பாதி, நடை பாதி என்று வந்து சேர்ந்தாள். அவளுக்காகப் பிணம் ஒரு பகல் காத்திருந்தது. சாயங்காலம் எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் குழிமேட்டில் பால் ஊற்றிவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். இருசம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சாமந்தி இதழ்கள் ஈர மண்ணில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவள் தம்பி பழனி பக்கத்தில் வந்து நின்றான். மாமனைப் பார்க்கக் கச்சிராயபாளையத்திலிருந்து வந்தவன், மறியலில் மாட்டிக்கொண்டு இங்கேயே இருந்தான்.

"கருமாதி முடிஞ்சதும் வூட்டுக்கு வந்துடுக்கா. அம்மாவும் அதத்தான் சொல்லும்."

"ம்."

"உனுக்கு இருவத்தஞ்சுதான். ஒத்தையா வந்தா ஒரு வழி பண்ணலாம். மூத்தவ புள்ளையையும் இட்டுக்கினு வந்தா எவன் கேப்பான்?"

அவள் துடைப்பத்தைத் தரையில் தட்டினாள். மூத்தவள் பிரசவத்தில் போனவள். இருசம்மாள் இந்த வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கு ஒன்றரை வயது. முதல் மூன்று மாதம் அவளைக் கண்டாலே வீறிட்டு அழுதது. பிறகு அழவில்லை. அதற்கென்று தனியாக எதுவும் செய்ததாக அவளுக்கு நினைவில்லை.

வெயில் ஏறியதும் ராஜாம்பாள் பேச்சை எடுத்தாள். காலை நீட்டி முள் கீறிய இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினேழு மரம் ஏறி எறங்கனேன். இருந்த ஒரு நல்ல பொடவையும் கிழிஞ்சி போச்சி."

"எல்லாம் உம் புள்ளைங்க படிக்கறதுக்குதான்மே," என்றார் ராசு.

"படிக்கறதுக்குப் பள்ளிக்கூடம் போவணும். அதுக்கு பஸ்ஸு ஓடணும். நீ இன்னா, குந்தினு பேசுவ."

ராசு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நா சுத்தி வளைக்கலண்ணா. புள்ளைய நா இட்டுக்கினு போறேன். எனுக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. பொட்டப் புள்ள இல்லாத கொறைக்கு இது இருக்கட்டும். கருமாதிக்கு இட்டுக்கினு வர்றேன். இருச நா ஒண்ணும் கொற சொல்லல. அதுக்கும் ஒரு வாழ்க்க கீது."

"நல்லதுதான்," என்றான் பழனி.

ராசு இருசம்மாளைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

இந்த வீட்டிலிருந்து போய் அம்மா வீட்டு மூலையில் பாய் போட்டுப் படுப்பதை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் தண்ணீர் கேட்காமல், யாரும் முனகாமல், விடியும்வரை.

"உங்க இஷ்டம்," என்றாள்.

"அப்ப கொழந்தையையும் ஒரு வார்த்த கேட்டுடுவோம். நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாரு," என்றார் ராசு. " இங்க வா அருளு."

அருள்மொழி வந்தாள். ராஜாம்பாள் கொடுத்த பிஸ்கட்டின் ஓரங்களை மட்டும் கடித்துவிட்டு நடுவைக் கையில் வைத்திருந்தாள்.

"உம்மேல யாருக்கு ஆச ஜாஸ்தி? அத்தைக்கா, சித்திக்கா?"

அவள் யோசிக்கவேயில்லை. "அத்தைக்கு."

ராஜாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எப்டி சொல்ற?"

"என்னப் பாத்தா அத்த அழுவுது. பிஸ்கோத்து வாங்கியாருது. முத்தம் குடுக்குது. கண்ணேன்னு கூப்புடுது."

"சித்தி?"

குழந்தை திரும்பி இருசம்மாளைப் பார்த்தாள். கேள்வி புரியாத மாதிரி பார்த்தாள்.

"சித்தி பேன் பாக்கும். மூக்கப் புடிச்சிக் கசாயம் ஊத்தும். சோறு கொதிக்கக் கொதிக்க இருந்தா விசிறும். தூங்காட்டி அடிக்கும்."

"அது ஆச இல்லியா?"

"இல்ல. அது சித்தி."

பழனி சிரித்துவிட்டான். "கொழந்த வாயாலயே வந்துட்டுது. இன்னா இருக்குது இதுல."

ராசுவும் தலையாட்டினார். "வெயில் தாழ்ந்தா கெளம்புங்க. மரத்தையெல்லாம் வெளிச்சத்துல தாண்டிடணும்."

இருசம்மாள் எழுந்து பின்பக்கம் போனாள். தொட்டியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பாத்திரங்கள் கிடந்தன. கஞ்சிச் சட்டி ஒன்று காய்ந்து போயிருந்தது. அதை உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்க வேண்டிய நேரத்தைத் தாண்டியும் தேய்த்தாள்.

மூன்று மணிக்கு ராஜாம்பாள் தன் துணிப்பையைக் காலி செய்து குழந்தையிடம் கொடுத்தாள். "ரெண்டு கவுனு எடுத்து வெச்சிக்க கண்ணு. மீதிய அத்த புதுசா வாங்கித் தர்றேன்." தெருவில் ராசுவின் மருமகன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

குழந்தை உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. இருசம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

பை நிறைந்து வாய் பிதுங்கியிருந்தது. அருள்மொழி அதன்மேல் முழங்காலை ஊன்றி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி வெச்ச இவ்ளோ?"

விலக்கிப் பார்த்தாள். அடியில் இரண்டு கவுன், ஒரு சிலேட்டு. அதற்குமேல் இருசம்மாளின் பச்சை நூல்சேலை, மடிக்கத் தெரியாமல் சுருட்டி வைத்தது. ஒரு ரவிக்கை.

"இது எதுக்கு?"

"நீ அங்க இன்னா கட்டிக்குவ?"

இருசம்மாள் பைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"நல்லா அமுக்கு சித்தி. எனுக்கு அமுங்கல."

"நா வரலடி."

"ஏன்?"

"உன்னதான் அத்த கூப்புடுது."

குழந்தை அமுக்குவதை நிறுத்தினாள். அழவில்லை. முகத்தில் கணக்குத் தப்பியவளின் குழப்பம் மட்டும் இருந்தது.

"அப்ப அங்க ராத்திரில யாரு எங்கூட வெளிக்கி வர்றது?"

தெருவில் சைக்கிள் மணி அடித்தது. "ஆச்சா கண்ணு?" என்று ராஜாம்பாளின் குரல் கேட்டது.

இருசம்மாள் பையிலிருந்து சேலையை எடுத்தாள். உதறினாள். சுவருக்குச் சுவர் கட்டியிருந்த கயிற்றில் போட்டாள். ரவிக்கையையும் அதிலேயே போட்டாள். பைக்குப் பக்கத்தில் திரும்பி வந்து நின்றாள். குழந்தை அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே கயிற்றில் போட்டாள்.

ராஜாம்பாள் வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னும் இன்னா இருசு, வெயிலு..." என்று தொடங்கியவள் கயிற்றைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்த பழனியும் பார்த்தான்.

"அக்கா," என்றான்.

இருசம்மாள் திரும்பவில்லை. சிலேட்டை எடுத்து மாடத்தில் சாய்த்து வைத்தாள். வெறும் பையை நாலாக மடித்தாள். நடந்து போய் ராஜாம்பாளிடம் நீட்டினாள்.

ராஜாம்பாள் உடனே வாங்கவில்லை.

இருசம்மாளுக்குக் கை வலித்தது. அவள் இறக்கவில்லை.