எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது

மருத்துவமனையின் பழைய சர்வரைப் பகல் பன்னிரண்டுக்குள் துடைத்து அனுப்பியாக வேண்டும். கணினிப் பிரிவைக் கவனித்துவந்த அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. டிஸ்க்குகளை அழிக்க வந்திருந்தவன் வேறு யாருமல்ல, அவள் கொழுந்தன்தான். அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டு, என்டர் விசைமேல் விரலை வைத்தபடி நின்றான்.

“அண்ணி, எல்லாத்தையும் புது மெஷினுக்குக் காப்பி பண்ணியாச்சு. ஸ்கேன் ஃபோல்டருக்குள்ள அங்க ஆறு ஃபோல்டர், இங்கயும் ஆறு. தட்டட்டுமா?”

“கொஞ்சம் பொறு தம்பி.”

நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய ஃபோல்டரின் விவரத்தைப் பக்கத்துத் திரையில் பார்த்தாள். இணைப்பு எண்ணிக்கை ஒன்பது என்றிருந்தது.

“எட்டுதானே வரணும்?”

“என்ன எட்டு?”

“இந்த சர்வர்ல எந்த ஃபோல்டருக்கும் ரெண்டு இணைப்பு உண்டு. மேல் ஃபோல்டர்ல எழுதியிருக்கிற பேர் ஒண்ணு, தன்னையே காட்டுற புள்ளி ஒண்ணு. அப்புறம் உள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரும் ‘நான் இதுக்குள்ளதான் இருக்கேன்’னு திரும்பிக் காட்டும். ஆறும் ரெண்டும் எட்டு.”

“எங்க அண்ணனையும் இப்படி எண்ணிப் பாத்துத்தான் கட்டிக்கிட்டீங்களா? கீழ வண்டி நிக்குது அண்ணி!”

“விரலை எடு. உள்ள ஏழாவதா ஒண்ணு இருக்கு.”

பெயர் புள்ளியில் தொடங்கினால் அந்த ஃபோல்டர் பட்டியலில் தெரியாமல் மறைந்திருக்கும்; அப்படி மறைந்திருப்பவற்றையும் காட்டும்படி கட்டளையிட்டாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை, புள்ளியில் தொடங்கும் பெயரோடு அந்த ஏழாவது ஃபோல்டர் வந்து நின்றது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் பாதி வழியில் இருந்த நாற்பத்தொரு பேரின் படங்கள் அதற்குள் இருந்தன. புது மெஷினில் தேடினாள். இல்லை. காப்பி செய்தபோது, புள்ளியில் தொடங்கும் பெயரை மட்டும் கட்டளை தாண்டிப் போயிருந்தது.

ஸ்கேன் அறைக்காரருக்குப் போன் போட்டாள்.

“யாரும் தெரியாம கை வச்சிடக் கூடாதுன்னு நான்தான் மறைச்சு வச்சேன். ஏம்மா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல சார்.”

கொழுந்தன் தன் திரைப் பக்கம் திரும்பினான். அடித்து வைத்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டு வந்து, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“இன்னும் எத்தனை ஃபோல்டர் பாக்கணும் அண்ணி?”

“முந்நூறுக்கு மேல.”

“பாதியை என்கிட்டத் தாங்க.”