பச்சையாய்த் தெரிந்த வருஷம்

செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டுத் தீயைக் கணக்கெடுப்பது அவருடைய வேலை. அலுவலகத்தில் பட்டப்பெயர் ‘வானத்துக் கண்’. யார் வைத்த பெயர் என்று கேட்டுவிடாதீர்கள், அவரே வைத்துக்கொண்டதுதான்.

இருபது வருஷப் படங்களை வரிசையாக ஓடவிட்டால், தீ எரியும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளியாக வரும். போன வருஷம் மட்டும் காடு பச்சைப் பசேலென்று இருந்தது. தீ குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதினார். இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பதவி உயர்வு என்று பேச்சு அடிபட்டது. காட்டில் தீயணைக்கும் ஆட்களைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று ஒரு கூட்டமும் ஏற்பாடாயிற்று. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஆட்களில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி. கூட்டத்தன்று காலை ஃபோன் செய்தான்.

“மாமா, தீயே இல்லன்னு எழுதிட்டீங்களாமே?”

“படம் சொல்லுதுடா. நான் என்ன பண்ணட்டும்?”

“போன வருஷப் புகையில பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியே எங்களுக்குத் தெரியல. உங்களுக்கு மட்டும் அவ்வளவு உசரத்துலேர்ந்து எப்படித் தெரிஞ்சுது?”

அவருக்குச் சுரீரென்றது. மேகம் மறைத்த இடத்தைக் கழித்துவிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அது அடர்ந்த புகையையும் மேகம் என்றே கழித்துத் தள்ளியிருந்தது. கழித்த இடத்தை வெறுமையாக விடாமல் ‘தீ இல்லை’ என்று பச்சை அடித்ததும் அவர்தான். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்றுதான்.

கழிப்பதற்கு முன்பு வந்த போன வருஷப் படங்களைத் திறந்தார். காட்டையே காணோம், ஒரே சாம்பல் நிறம். இருபது வருஷத்தில் இதுபோல் எரிந்ததே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சொல்லாமல் இல்லை. ஆனால் ஆள் குறைந்தால், வருகிற கோடையில் அந்தப் புகைக்குள் மச்சினன் பக்கத்தில் நிற்க ஆளிருக்காது. நினைக்கவே பயமாக இருந்தது.

கூட்டத்தில் இயக்குநர் பூரித்துப்போய்ப் பேசினார். “ஒரே வருஷத்துல இவ்வளவு தீ எப்படி அணைஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று அவரை எழுப்பிவிட்டார்.

அவர் கையிலிருந்த அறிக்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நான்தான் சார் அணைச்சேன். நாற்காலியை விட்டு எழுந்திரிக்காமலே அணைச்சேன்” என்றார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். “காட்டுல அது பாட்டுக்கு எரிஞ்சிருக்கு. புகையை மேகம்னு நெனச்சுக் கழிச்சுட்டேன். யாரையாவது குறைக்கணும்னா என்னைக் குறைங்க சார். அவங்களை விட்டுடுங்க.”